எல்பில் தோட்டத்துத் துப்பாக்கிச் சத்தமும் நம் பையிலிருக்கும் அட்டையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்து மளிகைக் கடைகளில் 2025 ஆகஸ்டு 31க்குப் பிறகு சில வாரங்களுக்கு வழக்கத்துக்கு மாறான வரிசை நின்றது. 18 வயது நிறைந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் சாரா உதவித் திட்டத்தில் அரசு ஒருமுறை வழங்கிய 100 வெள்ளி (ரிங்கிட்), கையில் பணமாக வராமல் அவரவர் அடையாள அட்டையான மைகார்டின் பேரில் வந்தது. கல்லாவில் அட்டையைக் கருவியில் செருகினால், அரிசிக்கு அந்தப் பணம் செல்லும், வேறொன்றுக்குச் செல்லாது என்று கணினி சொல்லிவிடும். அடுத்த மாதக் கடைசியில் பெட்ரோல் நிலையத்துக்கும் இந்த முறை வந்தது. பூடி95 எனும் பெட்ரோல் மானியத் திட்டத்தில், செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமகன் மைகார்டைக் காட்டினால் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் என்பது எல்லை. உதவி தேவையானது, வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த வரிசையில் நின்றபோது, நாம் எதை வாங்கினோம், எங்கே, எந்த நேரத்தில் வாங்கினோம் என்பதெல்லாம் ஒரே எண்ணின் கீழ்ச் சேரக்கூடிய ஒரு காலத்துக்குள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே வந்துவிட்டோம் என்று தோன்றியது. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் தோட்டத்து மூதாட்டி ஒருவர் வரிசைக்குள் நுழையாமல் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அட்டை சேர்த்துக்கொள்வது ஒரு பக்கம் என்றால் அது விலக்கி வைப்பது இன்னொரு பக்கம்; இங்கே அந்த இரண்டாவது பக்கத்தை அறியாத குடும்பம் குறைவு.

அந்த அட்டையின் பிறப்புக்கு எங்கள் ஊரே காரணம் என்பது இங்குள்ள இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. 1948 ஜூன் 16, புதன்கிழமை காலை, எல்பில் தோட்டத்து அலுவலகத்தில் நிர்வாகி ஆர்தர் வாக்கர் கம்யூனிஸ்டு கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். சற்று நேரத்தில் இவ்வட்டாரத்தின் இன்னொரு தோட்டத்தில் மேலும் இரண்டு ஐரோப்பியத் துரைமார்கள் கட்டிவைத்துச் சுடப்பட்டார்கள். அன்றே பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளிலும், ஜூன் 18இல் மலாயா முழுவதிலும் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அந்த விதிகளின் கீழ் அதே ஆண்டில், 12 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரும் நிழற்படமும் கட்டைவிரல் ரேகையும் கொடுத்து அடையாள அட்டை பெற வேண்டும் என்றானது. இன்றைய தேசியப் பதிவிலாகாவின் தொடக்கமும் அந்த 1948தான். காட்டுக்குள் இருப்பவனையும் தோட்டத்தில் இருப்பவனையும் பிரித்தறிவதே அதன் நோக்கம். அதன் வலிமையைக் கெரில்லாக்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள். பதிவுக் குழுக்களையும் படமெடுக்க வந்தவர்களையும் தாக்கினார்கள், மக்களிடமிருந்து அட்டைகளைப் பறித்து அழித்தார்கள். ஆக, அட்டையைக் காட்டாவிட்டால் அரசின் சந்தேகம், காட்டினால் காட்டுக்காரனின் கோபம் என்று நடுவில் அகப்பட்டவர்கள் தோட்டத்து லயன் வீடுகளிலும் புறம்போக்கிலும் இருந்த எளியவர்கள்.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. அட்டை முடியவில்லை. 1959ஆம் ஆண்டின் தேசியப் பதிவுச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. 1990இல் 12 இலக்க எண் வந்தது. 2001 செப்டம்பரில் சில்லு பொருத்திய மைகார்டு அறிமுகமானது. அட்டையை உடன் வைத்திராவிட்டால் 20,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இன்றும் விதிமுறை இடம் தருகிறது. நெருக்கடிக்காகக் கொண்டுவரப்படும் கண்காணிப்புக் கருவி நெருக்கடி தீர்ந்ததும் தானாகத் திரும்பிப் போவதில்லை. அதற்கு வேறு பயன்கள் கண்டுபிடிக்கப்படுகின்றன. இது மலேசியாவுக்கு மட்டும் உரியது அன்று என்றாலும், இவ்வளவு தெளிவான உதாரணம் நம் காலடியில் கிடக்கும்போது வெளிநாட்டு உதாரணம் தேடுவானேன்?

அந்த 12 இலக்கங்களைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: ஜொகூருக்கு 01, பேராக்கிற்கு 08, சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குத் தனிக் குறியீடுகள் உண்டு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அதாவது இந்த எண் வெறும் வரிசை எண் அன்று. அதைச் சொன்னமாத்திரத்தில் வயது, பிறந்த மாநிலம், பாலினம் மூன்றும் வெளியே வந்துவிடுகின்றன. அதைவிடப் பெரிய கோளாறு, இந்த எண்ணையே நாம் பெயராகவும் சாவியாகவும் ஒருசேரப் பயன்படுத்துவது. வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் "உங்கள் ஐசி எண்ணைச் சொல்லுங்கள்" என்பதே சோதனை. மின்னஞ்சலில் வரும் கணக்கறிக்கைக்கும் பல இடங்களில் அந்த இலக்கங்களில் சிலவே கடவுச்சொல். மருந்தகத்துச் சீட்டு முதல் பள்ளி விண்ணப்பம் வரை எல்லாவற்றிலும் எழுதப்படும் ஓர் எண் எப்படி இரகசியமாக இருக்கும்?

இருக்கவில்லை. 2017 அக்டோபரில், மலேசியக் கைப்பேசி நிறுவனங்களின் வாடிக்கையாளர் விவரங்கள், 46.2 மில்லியன் எண்களோடு, இணையத்தில் விலைக்கு வந்தது அம்பலமானது. நாட்டின் மக்கள்தொகை அப்போது சுமார் 32 மில்லியன் என்பதை நினைத்தால் அதன் அளவு புரியும்; பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. 2022 மே மாதத்தில், 1940க்கும் 2004க்கும் இடையில் பிறந்த 22.5 மில்லியன் மலேசியர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாக ஒருவர் விளம்பரம் செய்தார்; அது தேசியப் பதிவிலாகாவிலிருந்து போனதல்ல என்று அப்போதைய உள்துறை அமைச்சர் மறுத்தார். எங்கிருந்து போனால் என்ன, மோசடிக்காரன் அழைக்கும்போது முதலில் செய்வது நம் முழுப்பெயரையும் ஐசி எண்ணையும் பழைய முகவரியையும் ஒப்பிப்பதுதான். "லயன் வீட்டு நம்பர்கூடச் சொல்றானே, அப்போ இவன் உண்மையான ஆபீசர்தான்" என்று நம்பித் தன் சேமநிதிப் பணத்தை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஏமாந்ததற்கு அவருடைய அறியாமை பாதிதான் காரணம். அவருடைய விவரத்தைக் கசியவிட்டவர்கள் யார் என்பது கடைசி வரை அவருக்குத் தெரியவில்லை.

இவற்றைத் தடுக்க ஒரு சட்டம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 709ஆம் எண் சட்டம், 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. ஏழு கோட்பாடுகளை அது வகுக்கிறது. அவற்றின் சாரம் எளியது: ஒருவருடைய விவரத்தை அவருடைய இசைவோடு வாங்க வேண்டும்; எதற்காக வாங்குகிறோம் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும்; சொன்ன காரியத்துக்கு அப்பால் பயன்படுத்தவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது; பத்திரமாக வைக்க வேண்டும்; தேவை முடிந்தால் அழிக்க வேண்டும்; உரியவர் கேட்டால் காட்டவும், தவறிருந்தால் திருத்தவும் வேண்டும். அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தாக வேண்டும் என்கிறது சட்டம். தமிழில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இருக்கக் கூடாது என்றும் இல்லை.

ஆனால் இந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அதன் வாசலிலேயே ஒரு பெரிய விலக்கை வைத்திருக்கிறது. மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இது பொருந்தாது. நாட்டிலேயே மிக அதிகமான தரவை வைத்திருப்பவர்கள் யாரோ அவர்கள் வேலிக்கு வெளியே. இது ஏட்டளவிலான குறை அன்று. தொற்றுக் காலத்தில் கடைக்குள் நுழையவும் சொந்த ஊருக்குப் போகவும் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டியிருந்த மைசெஜாத்ரா செயலியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தடுப்பூசி போட்டுக்கொண்ட 3 மில்லியன் பேரின் விவரங்கள் ஓர் உயர்நிலை நிர்வாகிக் கணக்கின் மூலம் பதிவிறக்கம் செய்யப்பட்டிருந்ததை, 2021ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே சுட்டிக்காட்டியது. 2024 ஜனவரி 2இல் தொடங்கப்பட்ட பாடு எனும் முதன்மைத் தரவுத்தளத்தில், பிறருடைய ஐசி எண்ணைக் கொண்டே அவர் பேரில் கணக்குத் திறந்துவிட முடிகிறது என்று தொடக்கத்திலேயே சிலர் எடுத்துக்காட்டியதும், அதன் பிறகே அந்த ஓட்டை அடைக்கப்பட்டதும் செய்தியாயின. தனியார் நிறுவனம் இப்படித் தவறினால் விசாரிக்க ஓர் ஆணையர் உண்டு. அரசு தவறினால், குடிமகன் போய் நிற்பதற்கு இந்தச் சட்டத்தில் வாசல் இல்லை. அந்த ஆணையரும் அமைச்சரால் நியமிக்கப்பட்டு அமைச்சருக்குப் பொறுப்பானவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அண்டை நாடான சிங்கப்பூரும் தன் பொது நிறுவனங்களைத் தரவுச் சட்டத்திலிருந்து விலக்கியிருக்கிறது. ஆனால் அங்கே பாதிக்கப்பட்டவர் தனியார்மீது நேரடியாக வழக்குத் தொடுக்க அச்சட்டமே வழி செய்கிறது. நம் சட்டத்தில் அந்த உரிமை எழுதப்படவில்லை.

இரண்டாவது விலக்கு நகரத்தில் அதிகம் பேசப்படாதது. எங்கள் ஊரில் அதுதான் அன்றாடம். இச்சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கு மட்டுமே பொருந்தும். கோயில் கமிட்டி, இளைஞர் மன்றம், கட்சியின் சேவை மையம், தீபாவளிக்கு அரிசிப் பை கொடுக்கும் நல்ல உள்ளங்கள், இவர்கள் யாரும் வணிகம் செய்யவில்லை. ஆகவே உதவி கேட்டு வருபவரிடம் ஐசி நகல், சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் வாங்கி, அந்தப் பட்டியலை அப்படியே படமெடுத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டால், இந்தச் சட்டம் அவர்களைத் தொடுவது அரிது. நான் மிகைப்படுத்தவில்லை. எங்கள் வட்டாரக் குழு ஒன்றில் சென்ற ஆண்டு ஏறத்தாழ நாற்பது குடும்பங்களின் பெயர், ஐசி எண், கைப்பேசி எண், "கணவர் இல்லை", "நோயாளி" என்ற குறிப்பு எல்லாம் அடங்கிய ஒரு தாள் வந்து விழுந்தது. யாருக்குக் கூடை போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்று கணக்குக் காட்டுவதற்காகப் போட்டார்களாம். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் தனியாக வாழும் பெண்களின் முகவரிப் பட்டியலாகவும் அது இருந்தது என்பதை அதைப் போட்டவர் யோசிக்கவே இல்லை. கூடையோடு பயனாளியை நிறுத்திப் படமெடுத்து முகநூலில் ஏற்றும் பழக்கம் இதன் உடன்பிறப்பு. அரிசி வாங்கியவர் முகத்தை மறைத்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்து விற்றுவிட்டார் என்று எந்த நூலிலும் எழுதியிருக்கவில்லை. இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

சட்டத்தின் மையத்தில் இருக்கும் "இசைவு" என்ற சொல்லைத் தோட்டத்திலிருந்து பார்த்தால் அதன் பலவீனம் தெரியும். கோலாலம்பூரில் ஒரு கடை அதிகமான விவரம் கேட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். தோட்டத்தில் வேலை கொடுப்பவரும், குடியிருக்கும் வீட்டுக்கு உரியவரும், பல இடங்களில் மருந்தகத்தையும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையையும் நடத்துபவரும் ஒரே நிர்வாகம்தான். அந்த நிர்வாகம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போது, கேட்கப்படுபவர் "முடியாது" என்று சொல்லும் வாய்ப்பை மனதளவில்கூட எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். தொழிலாளர் விவரங்களுக்கும் தரவுச் சட்டம் பொருந்தும் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது; இருந்தாலும் மறுக்க முடியாத இடத்தில் வாங்கிய இசைவு என்ன இசைவு என்ற கேள்விக்கு நம் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. இன்று செம்பனைக் குலை வெட்டுபவர்களில் பெரும்பகுதியினர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய நிலை இன்னும் ஒரு படி கீழே. அந்தக் காலத்தில் நம் தாத்தாக்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்தார்கள், தோட்டத்து எழுத்தரான கிராணி செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்; இன்று அதே இடத்தில் கைக்கருவியும் முகம் பார்க்கும் கேமராவும் வருகின்றன. ஆனால் செக்ரோல் புத்தகம் அலுவலக அலமாரியில் கிடந்து கறையானுக்கு இரையாகும். கேமரா எடுத்த முகம் எந்த ஊர்க் கணினியில் எத்தனை ஆண்டு இருக்கும் என்பது கிராணிக்கே தெரியாது.

முகத்துக்கும் விரலுக்கும் ஒரு தனித்தன்மை உண்டு: கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம், கட்டைவிரலை மாற்ற முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவரைக் "கைநாட்டு" என்று கேலி செய்த சமூகம் இது. இன்று வங்கி முகப்பிலும் பதிவிலாகாவிலும் பட்டதாரி முதல் எல்லாரும் கைநாட்டுதான். ஆனால் உண்மையான பழைய கைநாட்டுக்காரர்களை இந்தக் கருவி சரியாக அறிந்துகொள்வதில்லை. ஆண்டுக்கணக்கில் உளி பிடித்து ரப்பர்ப் பால் வெட்டிய கையிலும், பாலை உறையவைக்கும் அமிலம் பட்ட விரலிலும் ரேகை தேய்ந்துபோயிருக்கும். கருவி மூன்று முறை, நான்கு முறை மறுக்கும். பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்க, தான் தான்தான் என்று நிறுவ முடியாமல் ஒரு முதியவர் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பதைக் கண்டவர்களுக்கு, புதிய தொழில்நுட்பம் எல்லாரையும் ஒன்றுபோல நடத்தும் என்ற பேச்சு செவியில் ஏறாது.

2024இல் தரவுச் சட்டம் திருத்தப்பட்டது. மக்களவை ஜூலையில் நிறைவேற்றியது. 2025 ஜனவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. விரல்ரேகை, முகம் போன்ற உடல்சார் அடையாளங்கள் இப்போது தனிக் கவனத்துக்குரிய தரவு வகையில் சேர்க்கப்பட்டுள்ளன. அதைச் சேகரிக்க வெளிப்படையான இசைவு வேண்டும். கோட்பாடுகளை மீறினால் முன்பு உச்சத் தண்டனை 300,000 வெள்ளியும் 2 ஆண்டுச் சிறையும். இப்போது 1 மில்லியன் வெள்ளியும் 3 ஆண்டும். தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பெருந்தீங்கு நேரக்கூடுமானால், அதன் பிறகு 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். இந்தக் கடைசி மாற்றம்தான் என் பார்வையில் மிகப் பெரியது, ஏனென்றால் 2017 கசிவின்போது பெரும்பாலானோர் தங்கள் விவரம் போனதைச் செய்தித்தாளில் படித்துத்தான் ஊகித்துக்கொண்டார்கள். ஆயினும் மூன்றாம் பிரிவின் விலக்கு அசையவில்லை. அரசு இலாகாக்கள் தங்களுக்குள் தரவைப் பகிர்ந்துகொள்வதற்கென்றே 2025 ஏப்ரல் 28இல் தரவுப் பகிர்வுச் சட்டம் ஒன்றும் நடைமுறைக்கு வந்தது. பகிர்வதற்குச் சட்டம் வந்துவிட்டது. பகிரப்படுபவருக்கு என்ன உரிமை என்பதற்கு அதே எடையில் ஒரு சட்டம் இன்னும் வரவில்லை.

அரசு கேட்டால் தனியார் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? எப்போதும் அப்படியில்லை. வாடிக்கையாளர் உறுப்பினர் திட்டத்தில் இருப்பவர்களின் விவரங்களை மொத்தமாகத் தருமாறு வருமான வரி வாரியம் கேட்டபோது கெந்திங் மலேசியா நிறுவனம் நீதிமன்றம் போனது. 2022இல் உயர்நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிக் கேட்பது வேறு, வலை வீசி எல்லாரையும் அள்ளுவது வேறு என்ற வேறுபாடு அங்கே நிலைநிறுத்தப்பட்டது.

அந்த வேறுபாடு 2025 ஜூனில் மறுபடியும் முன்னுக்கு வந்தது. அந்த ஆண்டின் முதல் மூன்று மாதக் கைப்பேசிப் பயன்பாட்டு விவரங்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒப்படைக்க வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் கேட்டிருப்பது வெளிவந்தது. சுற்றுலா, தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றின் புள்ளிவிவரத்துக்காக மட்டுமே கேட்கப்பட்டது என்றும், ஆளை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் அதில் இராது என்றும் ஆணையம் விளக்கமளித்தது. அந்த நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கையைத்தான் சந்தேகிக்கிறேன். இவ்-அலெக்ஸாந்தர் தெ மோன்ஜோயும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 15 இலட்சம் பேரின் பெயரில்லாத கைப்பேசி இடப்பதிவுகளை எடுத்துக்கொண்டது. ஒருவர் இந்த நேரத்தில் இந்த இடத்தில் இருந்தார் என்ற குறிப்பு நான்கே நான்கு தெரிந்தால், நூற்றுக்கு 95 பேரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்தெடுத்துவிட முடிந்தது.

இதைத் தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். நகரத்தின் நடுவில் ஒரு கோபுரத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான கைப்பேசிகள். இங்கே மலையடிவாரத்தில் ஒரு கோபுரம், அதைச் சுற்றி மைல் கணக்கில் செம்பனை, நடுவில் சில பத்து வீடுகள். விடியற்காலை ஐந்தரைக்கு இந்தக் கோபுரத்திலிருந்து பட்டணத்துக் கோபுரத்துக்கு நகரும் கைப்பேசி, தொழிற்சாலை வேன் ஓட்டுபவருடையது. வெள்ளிக்கிழமை மாலைதோறும் ஈப்போ பொது மருத்துவமனைப் பக்கம் போய் வருவது இன்ன வீட்டுப் பெண்ணுடையது. இதைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டாம், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரே சொல்லிவிடுவார். மக்கள் நெருக்கம் குறைந்த இடத்தில்தான் பெயர் நீக்கிய தரவு மிக எளிதாகப் பெயர் பெறுகிறது. அந்தரங்கம் என்பது மாநகரத்தாரின் கவலை என்ற எண்ணம் இந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது.

கைப்பேசிக்குள் இருப்பது ஒருவரின் சுதந்திரத்தையே பறிக்கக்கூடும் என்பதை மலேசியத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற பேரில், இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேர் பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டு மாதக்கணக்கில் பிணையின்றி வைக்கப்பட்டார்கள். 2020 பிப்ரவரியில் வழக்கை மீட்டுக்கொண்ட அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டாமி தாமஸ், கைப்பேசியிலும் முகநூலிலும் இயக்கத் தலைவர்களின் படங்களை வைத்திருப்பது மட்டுமே ஒருவரைப் பயங்கரவாதியாக்கிவிடாது என்று தம் அறிக்கையில் விளக்கினார். அவர்கள் கொண்டிருந்த கருத்து சரியா தவறா என்பது இங்கே பேச்சன்று. படம் சான்றாகிவிட்டது, அதைச் சான்றாகக் கொள்ளலாகாது என்று ஒருவர் முடிவு செய்வதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. அதே சொஸ்மாவின் ஆறாம் பிரிவு, அரசுத் தரப்பு வழக்கறிஞரின் அனுமதியோடு கடிதத்தைப் பிரிக்கவும் உரையாடலை ஒட்டுக்கேட்கவும் இடம் தருகிறது. அவசரம் எனில் குறிப்பிட்ட பதவி நிலைக்கு மேற்பட்ட காவல்துறை அதிகாரியே முடிவெடுக்கலாம். நீதிபதியின் கையெழுத்து தேவையில்லை.

அரசியலமைப்பில் "அந்தரங்கம்" என்ற சொல் கிடையாது. ஆனால் ஐந்தாம் விதியில் வரும் "தனிமனித சுதந்திரம்" என்பதற்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லவைத்த வழக்கைத் தொடுத்தவர் வழக்கறிஞர் சிவராசா ராசையா. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம். வழக்கின் பொருள் வேறு: நாடாளுமன்ற உறுப்பினர் வழக்கறிஞர் மன்றத்தில் பொறுப்பு வகிக்கலாமா என்பது. ஆகையால் அந்த வாக்கியம் ஒரு விதைதான். இந்தியாவில் 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் இதே கேள்வியை நேருக்கு நேர் எடுத்து விடை சொன்னதுபோல் இங்கே இன்னும் நடக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. 2024 செப்டம்பரில் வெளியான தேசிய நெறிமுறைகள் நல்ல நோக்கங்களின் பட்டியல், மீறினால் தண்டனை இல்லை.

அன்றாடத்தில் நாம் செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. தாமான் எனும் குடியிருப்புப் பகுதியின் நுழைவாயிலிலோ அலுவலகக் கட்டடத்திலோ காவலாளி ஐசியை வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி சரியன்று என்று பதிவிலாகாவே பலமுறை நினைவூட்டியிருக்கிறது. அட்டையைச் சோதிக்கும் அதிகாரம் பதிவு அதிகாரி, காவல்துறை, பணியிலுள்ள இராணுவத்தினர், சுங்கத்துறை போன்றவர்களுக்கே உண்டு. காவலாளி அண்ணனிடம் சண்டை போட வேண்டாம். அவருக்கு யாரோ இட்ட கட்டளை. ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிப் பெயரை எழுதிவிட்டுப் போகலாமா என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நகல் கொடுக்கும் இடத்தில் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று தேதியோடு எழுதிக் கொடுப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளலாம். ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் வட்டிக்காரனிடம் அடகுபோல ஒப்படைப்பது இங்கே இன்னும் ஒழியவில்லை. 2024 அக்டோபர் 31 முதல் அதன் விளைவு கடுமையாகியிருக்கிறது, ஏனெனில் தண்டனைச் சட்டத்தின் புதிய பிரிவுகள், தன் கணக்கைப் பிறர் பயன்படுத்த விடுபவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. மோசடியில் பணம் போனால் உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997ஐ அழைக்க வேண்டும்.

அதிகம் பேர் தொட்டுப் பார்க்காத ஓர் உரிமை தரவுச் சட்டத்தின் முப்பதாம் பிரிவில் இருக்கிறது. ஒரு நிறுவனம் நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். நகலோடு கேட்டால் கட்டணம் 10 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது, தனிக் கவனத்துக்குரிய தரவாயின் 30 வெள்ளி. 21 நாளுக்குள் பதில் வர வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சில ஆண்டுகளுக்கு முன் தவணையில் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினார். கடன் கட்டி முடித்து நெடுநாளாகியும், கேள்விப்படாத நிறுவனங்களிலிருந்து கடன் வேண்டுமா என்று அவர் பெயரைச் சொல்லி அழைப்பு வந்துகொண்டே இருந்தது. "ஒரு கடுதாசி எழுதிப் பாப்போமா தம்பி" என்று அவர்தான் கேட்டார். இருவரும் உட்கார்ந்து மலாயில் ஒரு பக்கம் எழுதினோம்: என்னைப் பற்றிய எந்த விவரங்களை வைத்திருக்கிறீர்கள், யாரிடமெல்லாம் கொடுத்தீர்கள், எப்போது அழிப்பீர்கள். கடையின் நிர்வாகி அதை இருமுறை படித்துவிட்டு, இப்படியொரு கடிதம் இதுவரை வந்ததில்லை என்றார். ஆனால் மரியாதையாகவே வாங்கிக்கொண்டார். 14ஆம் நாள் அழைப்பு வந்தது. கேட்டவர் அக்காதானா என்று உறுதி செய்ய அவருடைய ஐசி நகல் ஒன்று வேண்டுமாம். சட்டம் அதைக் கேட்க அவர்களுக்கு இடம் தருகிறது. கோடு இரண்டு இழுத்து, காரணம் எழுதி, தேதி போட்டு, அக்கா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.